கேட் புஷ், 1979: ஆறு வாரச் சுற்றுப்பயணம், அப்புறம் 35 வருட மௌனம். ஏன்?

நீலாம்பரி:
பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம், 2022இல் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடர் மூலமாக அவருடைய 1985ஆம் வருடத்துப் பாட்டு ஒன்று பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்த கதையைச் சொல்லிவிட்டு எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகத் தெரிவது 1979 ஏப்ரல், மே மாதங்களில் அவர் போன அந்த ஒரே சுற்றுப்பயணம். ஏப்ரல் 2 அன்று இங்கிலாந்தின் தென்கரையில் பூல் என்ற ஊரில் ஒத்திகை மாதிரி ஒரு நிகழ்ச்சி, மறுநாள் லிவர்பூலில் முறையான தொடக்கம், பிறகு பிர்மிங்காம், ஆக்ஸ்ஃபோர்ட், பிரிஸ்டல், மான்செஸ்டர், எடின்பரோ, லண்டன் பல்லேடியத்தில் ஐந்து இரவு, அப்புறம் கடல் தாண்டி ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன், ஹாம்பர்க், ஆம்ஸ்டர்டாம், ஸ்டுட்கார்ட், மியூனிக், கொலோன், பாரிஸ் என்று சுற்றிவிட்டு, மே 12, 13, 14 தேதிகளில் லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியனில் முடித்தார்கள். அவ்வளவுதான். அடுத்த சொந்தக் கச்சேரிக்கு ரசிகர்கள் 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்போது அவருக்கு வயது 20. முந்தைய வருடம்தான் 'வதரிங் ஹைட்ஸ்' நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. தானே எழுதிய பாட்டோடு பிரிட்டனில் முதலிடம் பிடித்த முதல் பெண் அவர். அதே வருடத்தில் இரண்டு ஆல்பமும் வந்துவிட்டன. அந்த நிலையில் இருக்கும் ஒரு பாடகியிடம் யாரும் எதிர்பார்ப்பது பியானோ முன்னால் உட்கார்ந்து பிரபலமான பாட்டுகளைப் பாடிவிட்டுப் போவதைத்தான். அவர் செய்தது வேறு. 24 பாட்டு, 17 முறை உடை மாற்றம், கூடவே ஆட இரண்டு நடனக்காரர்கள், சைமன் டிரேக் என்ற மேஜிக்காரர், நடனம் அமைக்க அந்தோனி வான் லாஸ்ட் (பிற்காலத்தில் மம்மா மியா நாடகத்துக்கு நடனம் அமைத்தவர் இவர்தான்), பாட்டுக்கு நடுவில் அண்ணன் ஜான் எழுதிய கவிதை வரிகள். கூட்டத்தைப் பார்த்து "எப்படி இருக்கீங்க" என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் ஒரு பாத்திரம், அந்தப் பாத்திரமாகவே வந்து போவார்.

இதை எல்லோரும் "பாதியில் நின்றுபோன ஒன்று" மாதிரியே பேசுகிறார்கள், அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நாடகம் போட்டு, அது ஓடி முடிந்தது. முடிந்த ஒரு படைப்பை ஏன் குறைப்பட்ட ஒன்றாகப் பார்க்க வேண்டும்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ரேடியோப்பெட்டி:
நல்ல இழை, ஆனால் நான் எதிர்ப்பக்கம். கேட் புஷ்ஷின் குரல்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரு பாப் பாடகி உலகம் முழுக்க ரெக்கார்டு விற்றுவிட்டு ஆறு வாரம் ஐரோப்பாவில் மட்டும் பாடினால் அது யாருக்கு நியாயம்? அமெரிக்காவுக்கு 1978 டிசம்பரில் சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சிக்கு வந்ததோடு சரி, சுற்றுப்பயணமாக ஒரு ஊருக்குக்கூடப் போகவில்லை. ஐரோப்பாவிலேயே தெற்குப் பக்கம், கிழக்குப் பக்கம் எதுவும் இல்லை. ரசிகன் பாடகரை நேரில் பார்ப்பது ஒரு சலுகை இல்லை, அது இந்தத் தொழிலில் இருக்கும் கொடுக்கல் வாங்கல். டிக்கெட் வாங்கத் தயாராக இருந்த தலைமுறை ஒன்று அவரைப் பார்க்காமலே வயதாகிவிட்டது.

இன்னொன்று, இவ்வளவு ஆட்டம் ஆடிக்கொண்டே எல்லாவற்றையும் நேரடியாகப் பாடினார் என்பதை நான் அப்படியே ஏற்கத் தயாரில்லை.

மேடை_செல்வம்:
ரேடியோப்பெட்டி அண்ணா, கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், கச்சேரிக்கு சவுண்ட் போடுவதுதான் என் பிழைப்பு.

1979இல் பாடகருக்குக் கையில் மைக், இல்லாவிட்டால் ஸ்டாண்டில் மைக். இரண்டில் எதை எடுத்தாலும் உடம்பு கட்டிப்போடப்படும். கையில் பிடித்தால் ஒரு கை போச்சு, ஸ்டாண்ட் என்றால் இரண்டு அடி வட்டத்தைத் தாண்ட முடியாது. இவருக்கோ இரண்டு கையும் வேண்டும், தரையில் புரள வேண்டும், சரிவான மேடையில் ஏறி இறங்க வேண்டும். அப்போது அவருடைய சவுண்ட் ஆள் மார்ட்டின் ஃபிஷர் செய்த வேலை இருக்கிறதே, சட்டை மாட்டும் கம்பி ஹேங்கரை வளைத்துத் தலையில் மாட்டுகிற மாதிரி செய்து அதன் முனையில் சின்ன மைக்கை வைத்துவிட்டார். வயர் இல்லாமல் ரேடியோ வழியாகச் சத்தம் போகும். பாப் மேடையில் தலையில் மாட்டும் மைக் என்று பேசினால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். எங்கள் தொழிலில் அதற்கு மடோனா மைக் என்றே பேர் நிலைத்துவிட்டது, மடோனா 1990 சுற்றுப்பயணத்தில் மாட்டியதால். அதற்கு 11 வருடம் முன்னாலேயே இது நடந்துவிட்டது.

அந்தக் கம்பி ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், வாய்க்கும் மைக்குக்கும் இருக்கும் தூரம் மாறவே மாறாது. தலை எங்கே திரும்பினாலும் மைக்கும் கூடவே திரும்பும். ஆனால் அதிலேயே தொல்லையும் இருக்கிறது. கையில் மைக் பிடித்தவர் மூச்சு வாங்கும்போது மைக்கைக் கொஞ்சம் விலக்கிக்கொள்வார், உச்சஸ்தாயிக்குப் போகும்போது தள்ளிப் பிடிப்பார். தலை மைக்கில் அது நடக்காது. மூச்சு இரைப்பது, உடை உரசுவது எல்லாம் அப்படியே உள்ளே வரும். அதை சவுண்ட் மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவன் விரலால் ஏற்றி இறக்கிச் சமாளிக்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு பாட்டும் எந்த இடத்தில் எந்த அசைவு என்று மனப்பாடமாகத் தெரிய வேண்டும். அப்போது காதுக்குள் வைக்கிற மானிட்டரும் கிடையாது. மேடையில் இருக்கிற ஸ்பீக்கரில் தன் குரலைக் கேட்டுத்தான் சுருதி பிடிக்க வேண்டும், ஓடிக்கொண்டே இருக்கிற பாடகி ஒரு ஸ்பீக்கரின் முன்னால் வந்துவிட்டால் உடனே கீ என்று கத்தும். இத்தனையையும் தாண்டி அந்தக் குரல் சுருதி தவறாமல் வந்திருக்கிறது. கும்பிடத்தான் தோன்றுகிறது.

சலங்கை:
செல்வம் அண்ணா சொன்னதற்கு ஆட்டக்காரியாக ஒரு வரி சேர்க்கிறேன். நாங்கள் பரதம் ஆடும்போது பாட்டை ஓரத்தில் உட்கார்ந்து ஒருவர் பாடுகிறார், ஜதி சொல்ல நட்டுவனார் இருக்கிறார், எங்கள் மூச்சு முழுக்கக் காலுக்கும் கண்ணுக்கும். அப்படி இருந்துமே ஒரு தில்லானா முடிந்ததும் ஒரு வாக்கியம் பேச முடியாது. கேட் புஷ் லிண்ட்சே கெம்ப் என்ற நடனக் கலைஞரிடம் மைம் கற்றவர். உடம்பால் மட்டுமே கதை சொல்கிற பயிற்சி அது. அந்தப் பயிற்சி இருக்கிறவருக்குக் கையையும் முகத்தையும் சும்மா வைத்துக்கொண்டு பாடவே வராது என்று நினைக்கிறேன். காணொளியில் அவர் விரல்களை மட்டும் கவனித்துப் பாருங்கள், ஒரு சொல்லுக்குக்கூட அவை சும்மா இருப்பதில்லை.

ரேடியோப்பெட்டி:
செல்வம் தம்பி, மைக் விஷயம் அருமை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பாட்டுக்காவது டேப்பில் குரல் ஓடியது என்று படித்திருக்கிறேனே?

நீலாம்பரி:
ஓடியது. 'ஹேமர் ஹாரர்' என்ற ஒரு பாட்டுக்கு. அதில் அவர் பாடவில்லை, பதிவு செய்த குரலுக்கு ஆடினார், அந்த நடனம் அப்படிப்பட்டது. பாடுகிற மாதிரி வாயசைத்து யாரையும் நம்ப வைக்கிற வேலை அதில் இல்லை, முழு நடனக் காட்சியாகவே அமைத்திருந்தார்கள். 24இல் ஒன்று. மற்றதெல்லாம் அந்த ஹேங்கர் கம்பி வழியாகத்தான் வந்தது. இன்றைக்குப் பெரிய அரங்குகளில் பின்னணி டிராக் எவ்வளவு ஓடுகிறது என்று செல்வத்திடம் கேட்டால் ஒரு முழு இரவும் பேசுவார்.

மேடை_செல்வம்:
அதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு வேலை கிடைக்காது அக்கா, விட்டுவிடுங்கள்.

ஒளிவட்டம்:
எல்லோரும் மைக், நடனம் என்று பேசுகிறீர்கள், பில் டஃபீல்ட் பெயரை யாரும் சொல்லவில்லை. அந்தச் சுற்றுப்பயணத்தின் ஒளியமைப்புக்காரர். வயது 21. பூலில் அந்த முதல் நிகழ்ச்சி முடிந்து, கூட்டம் போய், சாமான் ஏற்றியபிறகு, எதையாவது விட்டுவிட்டோமா என்று கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார். அரை இருட்டு. அரங்கில் திறந்து கிடந்த ஒரு இடைவெளி வழியாக ஐந்து மீட்டருக்கு மேல் கீழே, கான்கிரீட் தரையில் விழுந்தார். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார்.

நான் லைட் வேலை செய்கிறவன். அந்தக் கடைசிச் சுற்று எனக்குத் தெரியும். ஷோ முடிந்ததும் உடம்பில் இருக்கிற பதற்றம் எல்லாம் இறங்கி, பசியும் தூக்கமும் ஒன்றாக வருகிற நேரம் அது. அரங்கத்து ஆட்கள் பெரிய விளக்கை அணைத்துவிட்டு வாசலில் நிற்பார்கள், நம் கையில் ஒரு டார்ச், அதையும் பாதி நேரம் வாயில் கவ்விக்கொண்டு கேபிள் சுற்றுவோம். எங்கே கேபிள் கிடக்கிறது என்று கண் தேடுமே தவிர, எங்கே தரை இல்லை என்று தேடாது. ஒரு மண்டபத்தில் மேடைக்குக் கீழே இறங்கும் மூடியைத் திறந்தவர்கள் மூடாமல் போனார்கள், நாற்காலி ஒன்றை மேலே கவிழ்த்து வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பையன் ஒருவன் கால் வைத்துவிட்டான், முழங்காலோடு தப்பினான். டஃபீல்ட் பற்றிப் படித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மேடையில் நிற்கிறவரை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், அவர் மேல் வெளிச்சம் விழ வைத்தவனுக்கு ஒரு திறப்பை மூடிவைக்க ஆள் இல்லை.

நீலாம்பரி:
ஒளிவட்டம், நீங்கள் எழுதியதற்கு நன்றி. மே 12 அன்று ஹேமர்ஸ்மித்தில் நடந்தது டஃபீல்டின் குடும்பத்துக்காக நடத்திய நிகழ்ச்சி. டஃபீல்ட் முன்பு பாடகர்கள் பீட்டர் கேப்ரியலிடமும் ஸ்டீவ் ஹார்லியிடமும் வேலை பார்த்தவர், இரண்டு பேரும் அன்றைக்கு வந்து கேட் புஷ்ஷோடு சேர்ந்து பாடினார்கள். 1980இல் வந்த தன் ஆல்பத்தில் டஃபீல்ட் நினைவாக கேட் புஷ் ஒரு பாட்டும் எழுதினார், தலைப்பிலேயே பில்லுக்கு என்று இருக்கும்.

கொலோன் குமரன்:
ஜெர்மனியில் இருந்து. ஐரோப்பாவின் தென்பக்கம் போகவில்லை என்று ரேடியோப்பெட்டி ஐயா குறைப்பட்டார், போன இடங்கள் எப்படிப்பட்டவை என்றும் பாருங்கள். எங்கள் ஊரில் மே 4 அன்று பாடியது கியூர்ட்செனிஷ் மண்டபத்தில். 15ஆம் நூற்றாண்டில் கட்டி, போரில் இடிந்து, 1950களில் திரும்ப எழுப்பிய கட்டடம், கார்னிவல் நாட்களில் வேடம் போட்ட கூட்டம் நிறைந்திருக்கும் இடம். அதற்கு முந்தைய நாள் மியூனிக்கில் சர்க்கஸ் குரோனே, நிஜமாகவே சர்க்கஸ் நடக்கிற கட்டடம். ஆம்ஸ்டர்டாமில் கர்ரே அரங்கு, அதுவும் 1887இல் சர்க்கஸுக்காகக் கட்டியதுதான். பாரிஸில் ஷாம்ஸ் எலிசே அரங்கம், 1913இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே முதல்முறை மேடையேறியபோது ரகளை நடந்த அதே இடம். ஒவ்வொன்றிலும் மேடையின் அகலம் வேறு, உயரம் வேறு, திரையைத் தொங்கவிடும் வசதி வேறு. இவர்களுடைய செட்டில் சரிவுப்பாதை, பின்னால் படம் காட்டும் திரை, உள்ளே சிவப்பு சாட்டின் துணி விரித்த முட்டை வடிவப் பெட்டி (அதற்குள் படுத்து உருண்டுகொண்டே பாடுவார்) எல்லாம் இருந்தன. இன்று சர்க்கஸ் வளையத்தில் நிறுத்திய அதே செட்டை நாளை மண்டப மேடையில் நிறுத்த வேண்டும். இடையில் ஓய்வு நாளே இல்லாமல் மூன்று ஊர் தொடர்ந்து வருகிறது பாருங்கள், மே 2, 3, 4. இதைப் பல மாதம் நீட்டியிருக்கலாம் என்று சொல்கிறவர்கள் அந்த லாரியில் இருந்து ஒரு பெட்டியாவது இறக்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம், தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. அப்போது பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் இருந்தது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இன்றைக்கு ஒரு பிரிட்டிஷ் குழு இதே பாதையில் வர வேண்டும் என்றால் வாத்தியம், விளக்கு எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு கார்னே என்ற சுங்கப் பத்திரம் வாங்க வேண்டும், 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது, பிரிட்டிஷ் லாரி இங்கே ஊர் ஊராகச் சாமான் இறக்கி ஏற்றுவதற்கும் வரம்பு வைத்துவிட்டார்கள். புதிதாக வரும் சின்னக் குழுக்களுக்கு இது பெரிய அடி. 20 வயசுப் பெண் ஒருத்தி இப்போது இப்படி ஒரு செட்டோடு கடல் தாண்டுவது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ரேடியோப்பெட்டி:
குமரன், விவரத்துக்கு நன்றி. கேள்வி அப்படியேதான் நிற்கிறது. ஏன் திரும்பப் போகவில்லை? டஃபீல்ட் மரணத்தால் உடைந்துபோனார் என்கிறார்கள், விமானப் பயம் என்கிறார்கள், உச்சத்தில் இருக்கும்போதே ஒதுங்கிவிட்டார் என்கிறார்கள். எது?

நீலாம்பரி:
இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். மரணம் அவரைப் பலமாகத் தாக்கியது உண்மை. ஆனால் அது நடந்தது சுற்றுப்பயணத்தின் தொடக்கத்தில், அதற்குப் பிறகுதான் ஆறு வாரமும் ஆடினார். அதனால் மேடையே வேண்டாம் என்று ஓடினார் என்று சொல்வது நடந்ததோடு பொருந்தவில்லை. அவரே பேட்டிகளில் சொன்னது, மிகவும் ரசித்துச் செய்தேன், உடம்பு முழுக்கக் களைத்துப்போனது, இன்னும் இரண்டு ஆல்பத்துக்குப் பாட்டு சேர்ந்ததும் புதிதாக ஒன்று போடலாம் என்றிருந்தேன் என்பதுதான். ஓய்ந்துவிட்ட ஆள் அப்படிப் பேசமாட்டார்.

என் கணிப்பு என்னவென்றால், அவரை மேடையில் இருந்து இழுத்தது ஸ்டுடியோ. அந்த ஹேமர்ஸ்மித் இரவில் கேப்ரியலோடு ஏற்பட்ட பழக்கத்தில் கேப்ரியலின் 1980 ஆல்பத்தில் போய்ப் பாடினார், அந்தப் பக்கத்தில்தான் ஃபேர்லைட் என்ற ஆஸ்திரேலியக் கருவியைக் கண்டார். எந்தச் சத்தத்தையும் பதிவு செய்து கீபோர்டில் ஸ்வரமாக வாசிக்கலாம். கண்ணாடி உடைகிற சத்தத்தைக்கூட. மேடையில் ஒரு காட்சி மாற 17 உடையும் மேஜிக்காரரும் லாரியும் வேண்டியிருந்தது. இங்கே ஒரு சத்தத்தை மாற்றினால் முழுக் காட்சியும் மாறிவிடுகிறது. அதோடு கேட் புஷ்ஷின் சொந்த 1980 ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் போனது, ஒரு பிரிட்டிஷ் தனிப்பாடகியின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல்முறை. ஊர் ஊராகப் போகாமலே தன் வேலையை மக்கள் வாங்குகிறார்கள் என்று தெரிந்தபிறகு யார் அவரைக் கட்டாயப்படுத்த முடியும்? இவர் கற்பனையில் ஓடுகிற நாடகத்தை அங்கே போட்டுக்கொண்டே இருந்தார், நாம் அதைக் காதால் பார்த்தோம்.

கொடுக்கல் வாங்கல் என்றீர்கள் ஐயா. நான் அப்படிப் பார்க்கவில்லை. ரெக்கார்டுக்குக் காசு கொடுத்தேன், ரெக்கார்டு கிடைத்தது. அவர் உடம்பு என் ஊருக்கு வந்தாக வேண்டும் என்பது அந்த விலையில் சேரவில்லை.

சலங்கை:
நீலாம்பரி அக்கா, கடைசி வரியைத் தனி இழையாகவே போடலாம். பெண் கலைஞர் என்றால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகக் கேட்கப்படுகிறது.

ரேடியோப்பெட்டி:
ஃபேர்லைட் வாதம் ஏற்கும்படி இருக்கிறது. உரிமை பற்றிய வாதத்தை இன்னும் ஏற்கவில்லை. 2014இல் அவர் திரும்பி வந்தபோது என்ன நடந்தது? 22 நிகழ்ச்சி, எல்லாம் அதே ஹேமர்ஸ்மித், டிக்கெட் கால் மணி நேரத்தில் காலி. அந்த ஆகஸ்டில் பிரிட்டனின் முதல் 40 ஆல்பங்களில் எட்டு அவருடையது. மக்கள் எவ்வளவு ஏங்கியிருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்த ஏக்கத்தைத் தீர்க்க இரண்டு மூன்று ஊருக்காவது போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

கொலோன் குமரன்:
அந்த 22க்கும் ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் லண்டனுக்குப் போனார்கள் ஐயா. சுற்றுப்பயணம் இந்தத் தடவை ரசிகர்களுடையது.

இளவேனில்:
புதிதாகச் சேர்ந்தேன், எல்லாவற்றையும் வாசித்தேன். 1979 நிகழ்ச்சியைப் பார்க்க வழி இருக்கிறதா?

நீலாம்பரி:
மே 13 அன்று ஹேமர்ஸ்மித்தில் படம் பிடித்தார்கள், அது 1981இல் வீடியோவாக வந்தது. 12 பாட்டுதான், அதாவது பாதி. நான்கு பாட்டு மட்டும் தனி ரெக்கார்டாக 1979இலேயே வந்தது. 2014 நிகழ்ச்சி ஒலியாக மட்டும் 2016இல் வந்தது, படம் இதுவரை வெளிவரவில்லை, படம் எடுக்க வேண்டாம் என்று அவர் ரசிகர்களையும் கேட்டுக்கொண்டார், பெரும்பாலும் மதித்தார்கள்.

மேடை_செல்வம்:
இளவேனில், முதல்முறை சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாம் முறை ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, அவர் துப்பாக்கி எடுத்து ஆடுகிற பாட்டில் மூச்சு மட்டும் எங்கே வாங்குகிறார் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து இரண்டு இடம் பிடிபட்டது, உங்களுக்கு வேறு கிடைத்தால் இங்கே எழுதுங்கள்.